உன் பேரில் ஒரு நாய்ச்சீட்டு

எங்கே போய்க் குந்தியிருக்கிறாயோ, அங்கிருந்தபடியே கேள் என் நைனா,

நீ போய்ப் பத்து மாதம் முடிந்து பதினொன்று நடக்கிறது. இத்தனை நாள் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நேரமும் இல்லை, உடம்பில் தெம்பும் இல்லை. இப்போதும் பொன்னேரியிலிருந்து மீஞ்சூர் போகும் ரயிலில்தான் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் சாப்பாட்டுப் பை, அதன்மேல் இந்த நோட்டு. எழுத்து கோணலாகப் போகிறது, பொறுத்துக்கொள்.

உன்னிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒரு சண்டையும் போட வேண்டும். எதை முதலில் வைப்பது என்று தெரியவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

நீ போன பிறகு அம்மா அடுப்புப் பக்கமே போகவில்லை. நான் மீஞ்சூர் கம்பெனி கேன்டீனில் நூறு பேருக்குச் சோறு வடித்துவிட்டு, சனிக்கிழமை பஸ் பிடித்து நம் ஏரிக்கரைக் குப்பத்துக்கு வந்து பார்த்தால், வீட்டில் பானை கவிழ்த்த இடத்திலேயே இருக்கும். காலையில் டீயும் பன்னும், சாயங்காலமும் அதே டீயும் பன்னும். கேட்டால், "எனுக்கு ஒருத்திக்கு இன்னாத்துக்கு ஒல வெக்கறது?" என்பாள். என்னோடு மீஞ்சூர் வந்துவிடு என்றால், "அங்க காத்து கீதா?" என்று திருப்பிக் கேட்பாள். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. எனக்குப் பயம் வந்துவிட்டது நைனா. உன்னை அடுத்து இவளையும் தூக்கிக் கொடுத்துவிடுவேனோ என்று பயம்.

கேன்டீனில் என்னோடு காய் நறுக்குகிற பெண் ஒருத்திதான் சொன்னாள், ஒரு நாய் வாங்கி விடுங்க அக்கா என்று. கரையில் நாய்க்கா பஞ்சம் என்று நீ கேட்பாய், எனக்குத் தெரியும். ஆனால் கரை நாய் யாரையும் நம்பி இல்லை. வலை உதறுகிற இடத்தில் நாலு மீனைத் தின்றுவிட்டு எங்கேயாவது படுத்துக்கொள்ளும். எனக்கு வேண்டியது சோறு போட்டால்தான் பிழைக்கும் என்கிற நாய். அதற்காகவாவது அம்மா உலை வைப்பாள், வைத்தால் தானும் ஒரு வாய் தின்பாள். என் யோசனை அவ்வளவுதான்.

சென்னையில் அநாதை நாய்களை வைத்துப் பார்க்கிற இடம் ஒன்றுக்குப் போனேன். அங்கே என் கெண்டைக்கால் உயரத்துக்கு ஒன்று இருந்தது. வெள்ளைப் பொமரேனியன், பொட்டை. யாரோ வீடு மாற்றும்போது கேட்டிலேயே கட்டிவிட்டுப் போய்விட்டார்களாம். நாலைந்து வயது இருக்கும் என்றார்கள். பேர் லக்கியாம். அதன் அதிர்ஷ்டத்தைப் பார். கொடுக்கும்போது ஒரு தாளும் கொடுத்து, "புது இடத்துக்குப் போனா கொஞ்ச நாள் இருமும், வயித்தால போகும், சாப்பிடாது. தோல்ல ஏதாவது தெரிஞ்சா நீங்களா ஒண்ணும் பண்ணாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க. எல்லாம் இதுல எழுதியிருக்கு" என்றார்கள். சரி சரி என்று தலையாட்டி, தாளை நாலாக மடித்துப் பையில் போட்டேன். கரையில் பிறந்தவளுக்கு நாயைப் பற்றித் தாளில் எழுதித் தருகிறார்களே என்று எனக்கு இளக்காரம்.

இறால் கூடையில் பழைய புடவையை விரித்து, அதில் வைத்து எடுத்து வந்தேன். பஸ்ஸில் திருப்பாலைவனம் வரைக்கும் நடுங்கிக்கொண்டே வந்தது. அம்மா வாசலில் நின்று பார்த்தாள். "நைனா போன எடத்துக்கு இத்த இட்டாந்தியா?" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அது நேராக உள்ளே போய், மூலையில் நீ மடித்து வைத்த வலைக்குவியலுக்குப் பின்னால் புகுந்துகொண்டது. இரண்டு நாள் வெளியே வரவில்லை.

முதல் வாரம் படாத பாடு. தொண்டையில் முள் மாட்டியவன் போலக் கர்கர் என்று இருமும். வயிற்றால் போய் வீடெல்லாம் நாறும். அம்மா நம் கரை நாய்க்குப் போடுவது போலவே கருவாட்டுக் குழம்புச் சோற்றைப் போட்டிருக்கிறாள். உப்பும் காரமுமாக அதைத் தின்று வயிறு இன்னும் மோசமாகிவிட்டது. பிறகுதான் அவளாகவே வெறும் சோறு குழைய வடித்து, மடவை மீனை அவித்து, முள் ஒன்று விடாமல் விரலால் தடவித் தடவி எடுத்துப் பிசைந்து வைத்தாள். அடுத்த சனிக்கிழமை நான் வந்தபோது அடுப்பு சூடாக இருந்தது நைனா. பானையில் இரண்டு பேருக்கான சோறு இருந்தது. நான் புறக்கடைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. லக்கி என்று அவள் ஒரு நாளும் கூப்பிடவில்லை. "இந்தா" என்றுதான் கூப்பிடுகிறாள். "இந்தா, சோறு கீது பார்." "இந்தா, எங்க போற?" நாற்பது வருஷம் உன்னைக் கூப்பிட்ட அதே இந்தா.

அத்தோடு நின்றிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. மூன்றாவது வாரம் நாய் சொறியத் தொடங்கியது. பின்காலால் காதைப் பிறாண்டும், சுவரில் முதுகைத் தேய்க்கும். முடி கொத்துக் கொத்தாக விழுந்து, அடியில் தோல் சிவந்து பொருக்குத் தட்டிவிட்டது. காதுக்குள் உண்ணி மிளகு போல ஒட்டியிருந்தது. தண்ணீர் பிடிக்கப் போகிறவர்களெல்லாம், "தேசம்மா, உம் பொண்ணு பட்ணத்துலேந்து சொறி நாய இட்டாந்துகீது" என்று சிரித்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

சொறி நாய்க்கு என்ன செய்வது என்று ஏழுமலை மகளுக்கா தெரியாது? உன் கைவைத்தியம் குப்பத்துக்கே தெரிந்ததாயிற்றே. படகு எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு வேஸ்ட் ஆயிலைத் தகரத்தில் பிடித்து வைப்பாய். ஞாயிற்றுக்கிழமை கரையில் உட்கார்ந்து பழந்துணியில் தோய்த்து, சொறி பிடித்த நாயையெல்லாம் கூப்பிட்டுத் தடவுவாய். அந்த நாய்களும் சும்மா நிற்கும். "ஏழுமலை ஆயிலு" என்று அதற்குப் பேரே வைத்துவிட்டார்கள். நான் சின்ன வயதில் உனக்குத் துணி கிழித்துக் கொடுத்திருக்கிறேன். என் கண்ணுக்கு நீ அப்போது பெரிய டாக்டர்.

வலைக்கு அடியில் அந்தத் தகரம் அப்படியே இருந்தது. உன் சாமான் எதையும் அம்மா யாரையும் தொடவிட்டதில்லை. அன்றைக்கு அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். நான் தகரத்தை எடுத்தேன், துணியைத் தோய்த்தேன், காது முதல் வால் வரைக்கும் பூசி எடுத்தேன். வெள்ளை நாய் கறுப்பு நாய் ஆகிவிட்டது. உன் கை எனக்கு வந்துவிட்டது என்று அவ்வளவு பெருமை எனக்கு. அம்மா திரும்புவதற்குள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டேன்.

மறுநாள் காலை கேன்டீனில் இட்லி ஊற்றிக்கொண்டிருக்கும்போது அம்மாவின் போன். "கஸ்தூரி, இது வாந்தி எடுக்குது. ஒடம்பு ஒதறுது. மூச்சு வாங்குது. மேல இன்னாடி பூசின?" நான் ஆயில் என்றேன். அந்தப் பக்கம் கூடையை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு வா, நான் இட்டாறேன்" என்று வைத்துவிட்டாள். ஒன்பது மாதமாகக் குப்பத்தைத் தாண்டாதவள் நைனா. தனியாக இறால் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தாள்.

மாட்டாஸ்பத்திரி ஜன்னலில் சீட்டு எழுதுகிறவர் பேர் கேட்டார். ரேஷன் கடையோ பள்ளிக்கூடமோ மீன்பிடித் தடைக்கால நிவாரணமோ, எந்த ஜன்னலில் பேர் கேட்டாலும் நான் உன் பேரைத்தான் சொல்லி வளர்ந்தேன். வாயில் அதுதான் வந்தது. ஏழுமலை என்றேன். எழுதிவிட்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஆள் வந்து, ஆடும் மாடும் நாயுமாக நின்றிருந்த கூட்டத்தின் நடுவில், "ஏழுமலை! ஏழுமலை யாரு?" என்று உரக்கக் கூப்பிட்டார். அம்மாவும் நானும் ஒரே நேரத்தில் எழுந்தோம்.

டாக்டர் ஒரு பெண்பிள்ளை, என்னைவிடச் சின்னவர். நாயைத் தொட்டதும் கையை முகர்ந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது. "என்ன தடவினீங்க?"

"வேஸ்ட் ஆயிலுங்க. சொறிக்கு."

"யார் தடவினது?"

நான் சொன்னேனே, அதை உன்னிடம் எப்படிச் சொல்வது? சீட்டைப் பார்த்தேன், அதில் உன் பேர் இருந்தது. "எங்க நைனா" என்றேன்.

செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப் போகிறானா? அந்த தைரியம்தான் எனக்கு. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள், வாய் திறக்கவில்லை. டாக்டர் உன்னைக் கிழித்தார் நைனா. "நாய் தன் உடம்பைத் தானே நக்கும்னு அவருக்குத் தெரியாதா? நக்கினது வயித்துக்குப் போகுது, வாந்தி எடுத்தா நுரையீரலுக்குப் போகுது, போதாததுக்குத் தோல் வழியாவும் இறங்குது. கரை நாய்னா மணல்ல புரளும், ஏரியில விழும், பாதி போயிடும். இது வீட்டுக்குள்ள படுத்துட்டு முழுசையும் நக்கியிருக்கு. இத்துனூண்டு உடம்பு, தாங்குமா? அந்த ஏழுமலையை அடுத்தவாட்டி வரச் சொல்லுங்க, நான் பேசணும்."

பாத்திரம் கழுவுகிற சோப்பைப் போட்டு மூன்று முறை கழுவினார்கள். கறுப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. காலில் ஊசி குத்தி குளுகோஸ் ஏற்றினார்கள். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்து ரத்தமே இல்லை என்றார் டாக்டர். உண்ணியால் வந்த காய்ச்சல் முன்பே உள்ளே இருந்திருக்கிறது, வயிற்றில் புழுவும் இருந்திருக்கிறது. சொறிக்குத் தோலுக்குள் குடியிருக்கும் பூச்சிதான் காரணம், மாத்திரையிலேயே போய்விடும் என்றார். "மாத்திரையில போறதுக்கா இந்தப் பாடு?" என்று அம்மா முதல்முறையாக வாய் திறந்தாள். மூன்று நாள் தாண்டினால் பார்க்கலாம் என்று அனுப்பினார்கள். பெஞ்சில் உட்கார்ந்து பையைத் துழாவி அந்தத் தாளை விரித்துப் பார்த்தேன். எல்லாம் எழுதியிருந்தது. இருமல், வயிறு, உண்ணி, சொறி. டீசல், ஆயில், மண்ணெண்ணெய் எதுவும் தடவ வேண்டாம் என்று அடிக்கோடு போட்டே எழுதியிருந்தது.

பஸ்ஸில் அம்மா கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள். "அவரு மேல எதுக்குப் போட்ட?"

"பயந்துட்டேம்மா. அவரும் தடவுவாருதானே?"

"எப்ப தடவுனாரு? நீ கல்யாணங் கட்டிப் போன வருசத்தோட வுட்டாரு. செவல நாயி குட்டி ஒண்ணு நம்ம வலை மேலயே படுத்துனு கெடக்குமே, அதுக்குத் தடவி, அது இதே மாரி வாந்தியெடுத்து செத்துப்போச்சி. அவரே குழி தோண்டிப் பொதைச்சாரு. ரெண்டு நாளு தொழிலுக்குப் போவல. அப்பறம் எந்த நாய்க்கும் அத்த தொடல. பொன்னேரில வந்து மாத்திரை வாங்கினு போய் மீன்ல வெச்சுக் குடுப்பாரு. தகரம் படகு எறக்குற கட்டைக்குத் தடவறதுக்கு வெச்சது. உனுக்கு எங்க தெரியும்?"

இதுதான் நைனா நான் போட வந்த சண்டை. ஏன் என்னிடம் சொல்லவில்லை? வெட்கமா? சொல்லுகிற அளவுக்கு நான் உன்னோடு உட்கார்ந்ததே இல்லையா? மாதத்துக்கு ஒருமுறை வருவேன், மீன் குழம்பு தின்பேன், தூங்குவேன், கிளம்பிவிடுவேன். நீ தப்பு செய்த காலத்து நைனாவைத்தான் நான் பார்த்திருக்கிறேன். திருந்திய நைனாவைப் பார்க்கவே இல்லை. நீயே விட்டுவிட்டதை, உன் வழி என்று நான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் திருப்பாலைவனம் ஸ்டாப் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த மூன்று நாள் எப்படிப் போனதென்று சொல்ல எனக்குச் சொல் இல்லை. லீவு தரமாட்டேன் என்றார்கள். விடிந்தால் பஸ், ரயில், அடுப்பு, திரும்ப ரயில், பஸ். மீஞ்சூர் வீட்டில் என் வீட்டுக்காரர் தானே பொங்கித் தின்றார். அம்மா பஞ்சில் தண்ணீரைத் தொட்டு அதன் நாக்கில் வைத்தபடியே இருந்தாள். தான் ஒன்றும் தின்னவில்லை. அடுப்பு மறுபடி அணைந்துவிட்டது. இந்த நாய் போனால் இவளும் இந்த மூலையிலேயே கிடந்து போய்விடுவாள், அதற்கும் நான்தான் காரணம் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. களைப்பில் கும்பிடக்கூட மறந்துபோனேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது வெந்த மீன் வாசனை வந்தது. அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "ரெண்டு வாய் துன்னுச்சி" என்றாள். "நீ துன்னியா?" என்றேன். "வெச்சிகீறேன்" என்றாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு வாரம் ஒருமுறை பொன்னேரி. ஊசி, காதுக்குச் சொட்டு மருந்து, சொறிக்கு மாத்திரை. அம்மா மாத்திரையை மடவை மீனுக்குள் ஒளித்து வைத்தால், இப்போது பேரே இந்தா என்று ஆகிவிட்ட அந்த நாய் மீனைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் துப்பும். பல்லும் சொத்தை. எல்லாம் தேறிய பிறகு இரண்டு பல்லைப் பிடுங்க வேண்டுமாம். ஒவ்வொரு வாரமும் அந்த ஆள் வெளியே வந்து, "ஏழுமலை!" என்று கத்துவார். ஒவ்வொரு வாரமும் டாக்டர், "அவர் வரலையா?" என்பார். நான், "தொழிலுக்குப் போயிருக்காரு" என்பேன். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு சும்மா நிற்பாள்.

போன வாரம் நாலாவது முறை. முதுகில் வெள்ளை முடி பஞ்சு போலத் துளிர்த்திருக்கிறது. டாக்டர் தடவிப் பார்த்துச் சிரித்தார். பிறகு சீட்டைப் பார்த்து, "ஏன்மா, ஏழுமலை இன்னிக்கும் தொழிலுக்குப் போயிட்டாரா? ஒரு நாள் கூட்டிட்டு வாங்கம்மா. திட்ட மாட்டேன். இனிமே யாருக்கும் தடவாம இருக்கணும்ல" என்றார்.

அந்தத் தன்மையான குரல்தான் என்னை உடைத்தது. "அவரு இல்லீங்க டாக்டர். செத்துப் பத்து மாசத்துக்கு மேல ஆவுது. ஆயிலத் தடவினது நான்தான்" என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. பேனாவை மறுபடி எடுத்து, "அப்ப சீட்டை மாத்திடறேன். உங்க பேர் என்ன?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முன்னால் வந்தாள். "எம் பேரு போடும்மா. தேசம்மா. நாந்தான் சோறு போடறேன். செய்யாத தப்புக்கு அவரு நாலு வாரம் திட்டு வாங்கினாரு, போதும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளிடம் கேட்டேன், "முதல் நாளே நீ சொல்லியிருக்கலாமே, ஏன் சும்மா இருந்த?" என்று. இந்தாவின் காதை நீவிக்கொண்டே சொன்னாள். "வாரா வாரம் அவரு பேரக் கூப்டாங்க. வேற எவன் கூப்படறான் இப்போ? கேக்க நல்லாத்தான் இருந்துச்சி."

கேட்டாயா நைனா? உன் பேரைச் சத்தமாகக் கேட்பதற்காக அவள் பஸ் ஏறி வந்திருக்கிறாள். உன்மேல் விழுந்த பழியைத் துடைப்பதற்காக அதையும் விட்டுக் கொடுத்துவிட்டாள். அடுத்த வாரம் அந்த ஆள் "தேசம்மா!" என்றுதான் கத்துவார்.

மற்றபடி ஊர் செய்தி ஒன்றும் புதிதில்லை. முகத்துவாரம் மறுபடி மண் மூடிக் கிடக்கிறது, தோண்டுவார்கள் தோண்டுவார்கள் என்கிறார்கள். உன் படகை அடுத்த மாதம் இறக்கிக் கட்ட வேண்டும். எனக்கு முட்டி வலி. அம்மா ரவிக்கையைப் பிரித்துத் தைக்கச் சொல்லவில்லை இன்னும், ஆனால் முகம் தெளிந்திருக்கிறது.

இன்னொன்று. நேற்று பக்கத்து வீட்டு மாரி கொட்டாங்கச்சியோடு வந்து நின்றான். "அக்கா, எங்க நாய்க்கு சொறி. ஏழுமலை ஆயிலு கொஞ்சம் ஊத்து" என்றான். தகரத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே படகு மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. உட்காரவைத்துச் சொன்னேன். "மாரி, எங்க நைனா அத்த வுட்டு இருபது வருசம் ஆவுது. ஒரு குட்டி செத்துப்போச்சின்னு வுட்டாரு. மாத்திரைதான் குடுப்பாரு. ஏழுமலை வைத்தியம்னா இனிமே அதான்." அவன், "அப்படியா, எனுக்குத் தெரியாதே" என்றான். எனக்கும்தான் தெரியாமல் இருந்தது. பையிலிருந்த அந்தத் தாளை அவனுக்குப் படித்துக் காட்டினேன்.

இனி யார் கொட்டாங்கச்சியோடு வந்தாலும் இதையே சொல்வேன் நைனா. உன் பேரைச் சொல்லித்தான் சொல்வேன், உள்ளே இருக்கும் அம்மாவின் காதில் விழுகிற மாதிரி உரக்கச் சொல்வேன். இது உன் மகள் உனக்குத் தருகிற வாக்கு. ரயில் மீஞ்சூரில் நுழைகிறது, இறங்க வேண்டும்.

இனித் தன் தப்புக்குத் தன் பேரிலேயே திட்டு வாங்கிக்கொள்ளப் போகிற,
உன் மூத்த மகள்
கஸ்தூரி